பனிமலைப் பயிற்சிக்கு முன் பதினாறு வாரங்கள்

எவரெஸ்ட் சிகரத்தில் மனிதர் முதன்முறையாகக் கால் பதித்தது 1953 மே 29ஆம் நாள். அடுத்த ஆண்டு நவம்பரிலேயே டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பெற்றது. சிகரம் தொட்ட இருவருள் ஒருவரான டென்சிங் நார்கே அதன் களப்பயிற்சிக்குப் பொறுப்பேற்றார். 1965இல் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் அமைந்தது. எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்மணியான பசேந்திரி பால், 1984இல் அச்சாதனையை நிகழ்த்துவதற்கு முன் பயின்றது இங்கேதான். இந்நிறுவனங்கள் ஏறத்தாழ நான்கு வாரம் நடத்தும் அடிப்படை மலையேற்றப் பயிற்சி, படைவீரர்களுக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வாறன்று. வயது வரம்புக்கு உட்பட்டு, மருத்துவச் சான்று பெற்ற எவரும் விண்ணப்பிக்கலாம். கல்லூரி மாணவியரும் கணினித்துறைப் பணியாளரும் ஆசிரியரும் ஆண்டுதோறும் சேர்கின்றனர்.

சேர்பவர்களுக்குக் காத்திருப்பது சுற்றுலா அன்று. விடியற்காலை ஓட்டமும் உடற்பயிற்சியும், பாறையேற்றமும் கயிற்று முடிச்சுகளும் தொடக்க நாள்களை நிரப்புகின்றன. அதன்பின் முழுச் சுமையுடன் நடைப்பயணம் தொடங்கும். உத்தரகாசியில் பயில்வோர் புக்கி என்னும் ஊரிலிருந்து மேலேறி, டோக்ரியானி பனியாற்றை ஒட்டிய முகாமை அடைவர். டார்ஜிலிங்கில் பயில்வோர் சிக்கிமின் யுக்சோமிலிருந்து நடந்து, 4,000 மீட்டருக்கு மேல் அமைந்த சௌரிகாங் முகாமுக்குச் செல்வர். பனிக்கோடரி ஏந்தி நடத்தல், சரிவில் வழுக்கும்போது அக்கோடரியைப் பனியில் ஊன்றித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளுதல், பனிப்பிளவில் விழுந்தவரைக் கயிற்றால் மீட்டல் ஆகிய பாடங்கள் யாவும் அங்கேதான் கற்பிக்கப்படுகின்றன. கூடாரத்தில் உறக்கம், பல நாள் குளியல் இல்லை. இறுதியில் தரம் வழங்கப்படும். ‘ஏ’ தரம் பெற்றவரே அடுத்த நிலையான உயர்நிலைப் பயிற்சிக்குச் செல்ல இயலும்.

இடம் உறுதியானதும் பலர் முதலில் செய்வது உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து எடை தூக்குவது. அதில் தவறில்லை; ஆனால் அது மட்டும் போதாது. மலை நம்மிடம் கேட்பது ஒரு நிமிட வலிமையை அன்று. ஆறு மணி நேரம் நடந்தபின்னும் மறுநாள் எழுந்து அதே அளவு நடக்கத் தக்க இருப்பை. பகலில் முழு ஆற்றலையும் செலவழித்துவிட்டு முகாமுக்கு வந்து சேர்பவருக்கு மாலையில் கூடாரம் அடிக்கவும் நீர் கொண்டு வரவும் ஒன்றும் எஞ்சாது. களைத்த கால் தடுமாறும். களைத்த மூளை முடிச்சைத் தவறாகப் போடும். ஆகவே நாம் வளர்க்க வேண்டியது, அன்றைய வேலை முடிந்தபின்னும் உடலில் மிச்சமிருக்கும் திறனையே.

இதற்குப் பதினாறு வாரம் வேண்டும். முன்பே உடல் பழகியவர்க்குப் பன்னிரண்டு வாரம் போதலாம். முதல் வேலை மருத்துவரைக் காண்பது. இரத்த அழுத்தம், இதயத்தின் மின்பதிவு, முழங்கால்களின் நிலை ஆகியவற்றுடன் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. உயிர்வளியைச் சுமந்து செல்வதே ஹீமோகுளோபின்தான். உயிர்வளி குறைந்த உயரத்திற்கு அதுவும் குறைவாக உள்ள உடலுடன் செல்வது வலிந்து துன்பத்தைத் தேடுவதாகும். இரும்புச்சத்தை மீட்டெடுக்க மாதங்கள் ஆகும் என்பதால், இப்பரிசோதனையைப் பயணத்துக்கு முந்தைய வாரத்திற்கு ஒத்திவைப்பதில் பயனில்லை.

முதல் நான்கைந்து வாரங்களில் வேகம் வேண்டா. வாரத்தில் நான்கு நாள், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் விரைநடையோ மென்னோட்டமோ போதும். உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே அளவுகோல். மூச்சிரைத்துச் சொற்கள் துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இளைஞர்களுக்கு இது சலிப்பூட்டும். இருப்பினும் இதயமும் நுண்குழாய்களும் விரிவடைவது பெரும்பாலும் இத்தகைய நெடிய, எளிய உழைப்பில்தான். தசைகள் சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். தசைநாண்களும் மூட்டுப் பிணையங்களும் அவற்றைவிடத் தாமதமாகவே வலுப்பெறும். ஆர்வத்தில் திடீரென ஓட்டத்தை இரட்டிப்பாக்குவோர் குதிகால் வலியுடன் திரும்புவதற்குக் காரணம் இதுவே. தொடர் வைப்புக் கணக்கு வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: தவறிய மாதத் தவணைகள் அனைத்தையும் கடைசி மாதத்தில் கட்டி முழு வட்டியை எதிர்பார்க்க இயலாது.

அடுத்து, சுமை. பயிற்சியில் முதுகுப்பையின் எடை 15 கிலோவைத் தாண்டுவது இயல்பு. வீட்டில் இதற்கு எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நீர் நிறைத்த புட்டிகளை முதுகுப்பையில் அடுக்கி ஐந்து கிலோவில் தொடங்கலாம். வாரத்திற்கு ஒரு கிலோ, மிகுந்தால் ஒன்றரைக் கிலோ கூட்டலாம். கூர்மையான பொருள்களைத் திணிப்பதைவிட இது பாதுகாப்பானது. இன்னொரு நன்மையும் உண்டு. முதல் சில வாரங்களில் உச்சியை அடைந்ததும் நீரைக் கொட்டிவிட்டு வெறும் பையுடன் இறங்கலாம். முழங்கால் பழகும் வரை இச்சலுகை அதற்குத் தேவை. பையின் எடை தோளில் தொங்காமல் இடுப்புப் பட்டையில் அமரும்படி கட்டப் பழகுவதும் இப்போதே.

சமவெளியில் வாழ்பவர் ஏறுவதற்கு எங்கே போவது? பத்து மாடிக் குடியிருப்பின் படிக்கட்டே போதுமானது. மின்தூக்கியை மறந்துவிட வேண்டும், அவ்வளவே. வார இறுதியில் படிக்கட்டுகள் உள்ள மலைகளை நாடலாம். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் பாதையில் ஏறத்தாழ 3,550 படிகள். மைசூருவில் இருப்போர்க்குச் சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளும் புனேயில் இருப்போர்க்குச் சிங்ககட் கோட்டைப் பாதையும் உள்ளன. தில்லிவாசிகளுக்கு இரவுப் பேருந்துத் தொலைவிலேயே இமயத்தின் அடிவாரம் இருக்கிறது. பத்தாம் வாரத்திற்குப் பிறகு சனி, ஞாயிறு இரு நாள்களும் அடுத்தடுத்துச் சுமையுடன் நடப்பது மிகப் பயனுள்ளது. முதல் நாள் எவ்வளவு சிறப்பாக ஏறினோம் என்பதைவிட, இரண்டாம் நாள் காலை எவ்வாறு எழுந்தோம் என்பதே நம் நிலையைக் காட்டும்.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நம் கருத்தில், பயிற்சியாளர்களை முடக்குவது பெரும்பாலும் இறக்கமே. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போதோ, அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கித் தடுத்தாக வேண்டும். மூச்சு வாங்காததால் இறக்கம் எளிதாகத் தோன்றும்; தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுவதோ அப்போதுதான். வலி உடனே வருவதில்லை. ஒன்றிரண்டு நாள் கழித்து, படியில் அமர்ந்து எழ முடியாத அளவுக்கு வரும். நல்ல செய்தி என்னவெனில், ஒருமுறை இவ்வாறு உழைத்த தசை அடுத்த சில வாரங்கள் வரை அதே உழைப்பால் அவ்வளவு பாதிப்படைவதில்லை. எனவே மின்தூக்கியில் ஏறிப் படியில் இறங்குவது சோம்பேறியின் வழியன்று, தேர்ந்த பயிற்சியே. ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலின் குதி கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று எண்ணிக்கையில் மெல்லத் தாழ்ந்து எழுவதை நாளொன்றுக்குக் காலுக்குப் பதினைந்து முறை செய்தால், முழங்கால் நன்றி கூறும்.

பாதங்களையும் மறந்துவிடலாகாது. கனத்த பனிக்காலணி, உறக்கப்பை, கயிறு முதலியவற்றை நிறுவனமே வழங்கும். அக்காலணி நம் காலுக்குப் பழகியதன்று. நமக்கு முன் பலர் அணிந்தது. பொருந்தாவிடில் கூச்சமின்றி மாற்றுக் கேட்டுப் பெற வேண்டும். நடைக்கென நாம் கொண்டு செல்லும் காலணி குறைந்தது ஆறு வாரம் உழைத்ததாக இருத்தல் வேண்டும். புத்தம்புதுக் காலணியுடன் வந்திறங்குவோர் இரண்டாம் நாளே கொப்புளங்களுக்கு ஒட்டுப்பட்டை தேடுவர்.

இனி, உயரம். இங்கேதான் உடற்பயிற்சியைப் பற்றிய நம் நம்பிக்கைகள் ஓர் எல்லையைச் சந்திக்கின்றன. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். 5,500 மீட்டரில் பாதியாகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் அவ்விகிதத்தில் குறைகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை என்று தொடங்கும் உயர நோய், ஓட்டப்பந்தய வீரரையும் பீடிக்கும். நடைக்கே திணறும் ஒருவரை விட்டுவைக்கவும் கூடும். உடற்தகுதி இந்நோயிலிருந்து காப்பதில்லை என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. இன்னும் சொல்லப்போனால், வலுவுள்ளவர் விரைந்து ஏறிவிடுவதால் இடருக்கு ஆளாகும் வாய்ப்பும் உண்டு. உடல் தன்னைத் தகவமைத்துக்கொள்ள நாள்கள் வேண்டும். அந்நாள்களை வலிமையைக் கொடுத்து வாங்க முடியாது. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்குவதும் மருத்துவர் கூறும் விதி. பயிற்சி அட்டவணைகளில் சுமையை மேலே விட்டுவிட்டுக் கீழிறங்கி உறங்கும் நாள்கள் இடம்பெறுவதும் இதற்காகவே. அசெட்டசோலமைடு என்னும் மாத்திரை உதவக்கூடும். ஆயினும் மருத்துவரின் அறிவுரையின்றி, நண்பர் சொன்னார் என்று அதை உட்கொள்ளலாகாது.

முற்றிய நிலையில் இந்நோய் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். அப்போது அமர்ந்திருக்கையிலும் மூச்சிரைக்கும், இருமல் வரும். மூளை வீங்கினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க இயலாதவரை உடனே கீழே இறக்க வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று காத்திருத்தல் உயிரைப் பறிக்கலாம்.

மறைப்பதற்குத் தூண்டும் பெரிய காரணம் தரம்தான். மாதக்கணக்கில் உழைத்து, விடுப்பெடுத்து, கட்டணம் செலுத்தி வந்தவர், ‘தலை வலிக்கிறது’ என்று சொன்னால் ‘ஏ’ தரம் போய்விடுமோ என்று அஞ்சுவது இயற்கை. ஆகவே புறப்படுமுன்னரே மனத்தில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: அறிகுறி தோன்றிய அன்றே பயிற்றுநரிடம் கூறுவோம். தேவையெனில் இறங்குவோம். பயிற்சிக்கு மீண்டும் வரலாம். பதினாறு வாரத் தயாரிப்பில் மிகக் கடினமான பயிற்சி இதுவாகவே இருக்கக்கூடும். இதற்குப் படிக்கட்டோ நீர்ப்புட்டியோ உதவா.

உடல் எவ்வளவு தேறினாலும் மலையின் சில இடர்கள் நம் கையில் இல்லை. 2022 அக்டோபர் 4ஆம் நாள், திரௌபதி கா டாண்டா சிகரத்தில் உத்தரகாசி நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழுவினர் பனிச்சரிவில் சிக்கினர். பயிற்சி பெற்றோரும் பயிற்றுநருமாக 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் காணாமற்போயினர். அவர்கள் அனைவரும் நம்மைவிடப் பன்மடங்கு தகுதி பெற்றிருந்தவர்கள். இதைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. வீட்டாரிடம் கலந்து பேசாமல், காகிதங்களை ஒழுங்குபடுத்தாமல் கிளம்ப வேண்டா என்பதற்காகவே. மருத்துவக் காப்பீடுகளில் காணப்படும் பொதுவான விலக்கு, சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுவோருக்கு உரியது. விபத்துக் காப்பீடுகளிலோ சொல்லமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். மலையேற்றப் பயிற்சியில் நேரும் விபத்துக்குப் பொருந்துமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நலம். கணக்குகளில் நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

உணவைப் பற்றிச் சில சொற்கள். உயரத்தில் பசி மந்தமாகும். நான்கு வாரத்தில் உடல் இளைப்பது வழக்கம். ஆகவே பயணத்துக்கு முன் பட்டினி கிடந்து எடை குறைக்க முற்படுவது தவறு. பருப்பு, முட்டை, கடலை, பால் என்று புரதத்தைக் கூட்டி, வழக்கமான சோற்றையும் விடாது உண்ணலாம். சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் முகாம் உணவில் மிகுதியாக வரக்கூடும். வயிற்றை அதற்குப் பழக்கி வைத்துக்கொள்வது வீட்டுச் சமையலறையிலேயே முடியும்.

கடைசி பத்து நாள்களில் பயிற்சியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இன்னும் தேறவில்லையே என்ற பதற்றத்தில் அப்போது கூடுதலாக ஓடுவோர் காயத்தையே ஈட்டுவர். கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் காலணியின் முன்பகுதியில் மோதி நகம் கறுப்பதை அது தவிர்க்கும். பற்களில் வலி இருந்தால் ஊரிலேயே மருத்துவம் முடித்துவிட வேண்டும். பனியாற்றின் ஓரத்தில் பல் மருத்துவர் கிடையாது. ரிஷிகேஷிலிருந்து உத்தரகாசி வரை 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வளைந்து நெளியும் மலைச்சாலை. பேருந்துக் குமட்டல் உள்ளவர்கள் அதற்கான மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொள்வதும், பயிற்சி தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே சென்று சேர்ந்து நன்கு உறங்குவதும் நல்லது. மறுநாள் விடியற்காலையிலேயே ஓட்டம் தொடங்கிவிடும்.