பந்தயப் பாய்ப்படகும் கப்பியின் தத்துவமும்

சத்தியவேடு போன்ற ஊர்களில் கிணற்று நீர் இறைக்கும் இராட்டினத்தை அறியாதார் இலர். நிலையாகப் பொருத்தப்பட்ட அந்த ஒற்றைக் கப்பி, இழுக்கும் திசையை மாற்றுமேயன்றி விசையைப் பெருக்காது. சுமையோடு சேர்ந்து நகரும் கப்பி ஒன்றையும் இணைத்தால், ஏறத்தாழப் பாதி விசையே போதும். இவ்வெளிய தத்துவமே கடலில் விரையும் சிறு பந்தயப் பாய்ப்படகின் மேல்தளத்திலும் பயன்படுகிறது.

அவ்வூருக்குத் தெற்கேயுள்ள சென்னையில் பாய்ப்படகுப் பந்தயம் நெடுநாளைய வழக்கமாகும். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கு 1911-இல் தோன்றியது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021-இல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, அச்சிறப்பை எய்திய முதல் இந்தியப் பாய்ப்படகு வீராங்கனையானார். அவர் செலுத்திய லேசர் ரேடியல், ஒருவரே ஓட்டும் படகாகும். அதன் நீளம் 4.23 மீட்டர், பாயின் பரப்பு 5.76 சதுர மீட்டர்.

காற்று வலுக்கும்போது படகு ஒருபுறமாகச் சாயும். ஓட்டுபவர் தம் உடலெடையால் அதனை நிமிர்த்த முயல்வார். எடை போதாவிடில், பாயைத் தட்டையாக்கிக் காற்றின் தாக்குதலைக் குறைத்தல் வேண்டும். இதற்கு இரு கயிறுகள் உள்ளன. ஒன்று பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுப்பது. மற்றொன்று பாயின் அடித்தண்டை அழுத்திப் பிடிப்பது. பலத்த காற்றில் இவற்றை இழுக்கப் பெருவிசை தேவை.

முற்காலத்தில் லேசர் படகோட்டிகள் கயிற்றிலேயே முடிச்சிட்டுக் கண்ணிகள் அமைத்து, அவற்றைக் கப்பிகளாகக் கொண்டனர். கயிறு கயிற்றோடு உராய்ந்து, உழைப்பின் பெரும்பகுதி வீணாயிற்று. 2001-இல் விதிகள் தளர்த்தப்பட்டபின், உருளும் கப்பிகளும், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பற்றிகளும் கைக்கு எட்டும் இடத்தில் மேல்தளத்தில் அமைந்தன. எடை குறைந்தோரும் வலிய காற்றைச் சமாளிக்க இம்மாற்றம் துணைபுரிந்தது.

ஆயினும், கப்பிகளை வரம்பின்றிப் பெருக்குதல் பயன் தராது. ஆறு மடங்கு விசை தரவேண்டிய ஆறு உருளைகள் கொண்ட அமைப்பில், ஒவ்வோர் உருளையிலும் பத்தில் ஒரு பங்கு உராய்வால் இழக்கப்படின், கிடைப்பது நான்கு மடங்குக்குச் சற்று மேல் மட்டுமே. இழுக்கவேண்டிய கயிற்றின் நீளமோ ஆறு மடங்காகவே நிற்கும். எனவே கப்பிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் தரமே முதன்மையானது.

பொருத்தும் முறையிலும் கவனம் தேவை. திருகாணியின் இழுவிசை ஒரே புள்ளியில் விழுந்தால் மெல்லிய தளம் பிளவுறும். ஆதலின் தளத்தின் அடியில் அகன்ற தகடு வைத்து விசையைப் பரவச் செய்வர். துளைகளின் வழியே நீர் கசியாதவாறு பசையிட்டு அடைப்பர். அலுமினியப் பாய்மரத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி நேரே தொட்டிருந்தால், உப்புநீரில் அவ்விரண்டும் மின்கலம்போல் செயற்பட்டு அலுமினியம் அரிக்கப்படும். இடையே நைலான் வளையம் இட்டால் இவ்வரிப்புப் பெரிதும் தடுக்கப்படும்.

எந்தப் பாகத்தை மாற்றலாம் என்பதைப் பந்தய விதிகள் வரையறுக்கின்றன. படகுகள் ஒத்திருந்தாலன்றி, வெற்றி ஓட்டுபவரின் திறமையால் வந்ததா, பொருளின் விலையால் வந்ததா என்பது விளங்காது.