கனடியப் பிரெய்ரிப் பகுதிச் சுற்றுலா

கனடியப் பிரெய்ரி என்பது கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா ஆகிய மூன்று மாகாணங்களின் தென்பகுதியில் பரந்துள்ள சமவெளியாகும். புல்வெளி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேற்றம் பெருகியதிலிருந்து, இங்கிருந்த இயற்கைப் புல்வெளியின் பெரும்பகுதி உழப்பட்டு வயல்களாகிவிட்டது. எஞ்சிய புல்வெளியும் அதைச் சார்ந்து வாழ்ந்த மக்களின் வரலாறும் இப்பகுதிச் சுற்றுலாவின் முதன்மை ஈர்ப்புகளாகும்.

பார்க்க வேண்டிய இடங்கள்

புல்வெளி தேசியப் பூங்கா: சஸ்காச்சுவானின் தெற்கில், அமெரிக்க எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. ஒரு காலத்தில் இச்சமவெளியில் பெருங்கூட்டமாக மேய்ந்த அமெரிக்கக் காட்டெருதுகள் (பைசன்) வேட்டையாடப்பட்டு, 1880களில் ஏறத்தாழ அற்றுப்போயின. அவற்றை நம்பியிருந்த பழங்குடி மக்கள் பஞ்சத்துக்கு உள்ளாயினர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் எல்க் தீவு தேசியப் பூங்காவிலிருந்து காட்டெருதுகள் இங்கு மீண்டும் கொண்டுவரப்பட்டன. கனடாவில் கருவால் பிரெய்ரி நாய்கள் இயற்கையில் வாழ்வது இப்பகுதியில் மட்டுமே. பெயரில் நாய் இருந்தாலும் இவை அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிணிகள். வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கின்றன.

ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் எருதுப் பாய்ச்சல்: ஆல்பர்ட்டாவில் உள்ள இச்செங்குத்துப் பாறையை நோக்கிக் காட்டெருது மந்தைகளை விரட்டி, கீழே விழச்செய்து பழங்குடியினர் வேட்டையாடினர். ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் நீடித்த இம்முறையின் சான்றாக, பாறையின் அடியில் எலும்புப் படிவுகள் கிடைக்கின்றன. இது 1981இல் யுனெசுக்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

டைனோசர் மாகாணப் பூங்கா: இதுவும் ஆல்பர்ட்டாவில் உள்ள உலகப் பாரம்பரியக் களமாகும் (1979). இங்கு கிடைத்தவை உட்பட ஏராளமான புதைபடிவங்களை டிரம்ஹெல்லர் நகருக்கு அருகிலுள்ள ராயல் டிரெல் அருங்காட்சியகத்தில் காணலாம்.

உணவு

பெமிக்கன்: உலர்த்தி இடித்த காட்டெருது இறைச்சியுடன் உருக்கிய கொழுப்பும், சில வேளைகளில் பழங்களும் சேர்த்துச் செய்யும் பழங்குடி உணவு. நெடுநாள் கெடாது என்பதால் மென்மயிர் வணிகர்களும் இதை நம்பியிருந்தனர்.

சாஸ்கடூன் பழம்: கருநீல நிறச் சிறு பழம், கோடையின் நடுவில் பழுக்கும். இதை உள்ளே வைத்துச் சுட்ட பை பலரும் விரும்பும் இனிப்பாகும். சாஸ்கடூன் நகரின் பெயர் இப்பழத்துக்குக் கிரீ மொழியில் வழங்கும் பெயரிலிருந்து வந்தது.

பெரோகி: 1890களிலிருந்து குடியேறிய உக்ரைனியர்கள் கொண்டுவந்த உணவு. மாவுக்குள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பொதிந்து, வேகவைத்து, வதக்கிய வெங்காயத்துடனும் புளித்த பாலேட்டுடனும் பரிமாறுவர்.

பருப்பு வகைகள்: கனடாவின் மைசூர்ப் பருப்பு விளைச்சலில் பெரும்பங்கு சஸ்காச்சுவானுடையது. இந்தியா இதன் முக்கிய இறக்குமதி நாடுகளுள் ஒன்றாகும்.

பயணக் குறிப்புகள்

மே முதல் செப்டம்பர் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். குளிர்காலத்தில் வெப்பநிலை −30 பாகைக்கும் கீழே செல்வதுண்டு. ஊர்கள் தொலைவில் இருப்பதால் எரிபொருளும் குடிநீரும் போதிய அளவு வைத்திருக்க வேண்டும். காட்டெருதுகளிடமிருந்து குறைந்தது 100 மீட்டர் விலகி நிற்க வேண்டும். வறண்ட புல் எளிதில் தீப்பற்றும் என்பதால், நெருப்பு மூட்டுவதற்கான உள்ளூர் விதிகளைத் தவறாது பின்பற்ற வேண்டும்.