ஊட்ட ஊட்ட ஏன் மறுக்கிறது குழந்தை?

இரண்டு வயதில் புது உணவைக் கண்டு குழந்தை முகம் திருப்புவது வளர்ச்சியின் இயல்பு. எடை குறைவது இயல்பல்ல. இரும்புச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், காசநோய் எனப் பலவும் பசியை மந்தமாக்கும். ஆகவே முதலில் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் கவனிக்க வேண்டியது பால்: நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சின்ன வயிறு அதிலேயே நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் அதில் மிகக் குறைவு.

வற்புறுத்தாவிட்டால் பட்டினி கிடக்குமே என்பார்கள். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சூப்பைக் குடித்து முடிக்கச் சொல்லி நெருக்கியபோது பிள்ளைகள் குறைவாகவே குடித்தார்கள். நெருக்காதபோது கூடுதலாகக் குடித்தார்கள். புதுக் காய் பழகப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். அதுவரை, விரும்பித் தின்னும் பருப்புசாதத்திலேயே ஒரு தேக்கரண்டி நெய் கூட்டுங்கள். சோற்றின் அளவு கூடாமலே சுமார் 45 கலோரி சேரும். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது டானிக் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.