முள் அல்ல, ஊசி

புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் காய் பறிப்பவர்களுக்கு முள் குத்துவது அன்றாடம் நடப்பது. கையை உதறிவிட்டு அடுத்த காய்க்குப் போவார்கள். மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் ஒருவருக்குக் குப்பையில் கிடந்த ஊசி குத்தினாலும் அப்படி உதறிவிடத்தான் தோன்றும். ஆனால் அந்த ஊசி சற்று முன்பு ஒரு நோயாளியின் உடம்பில் இருந்தது.

நோய் தீர்க்கப் போன இடத்தில் புது நோயை வாங்கி வருவது உலகெங்கும் உள்ள பிரச்சினை. பணக்கார நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே தொற்று ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கூறியது. அப்படித் தொற்றியவர்களில் 10-ல் ஒருவர் இறக்கிறார். கை கழுவுதல் உள்ளிட்ட எளிய முறைகளாலேயே இதில் 70 சதவீதம் வரை தடுக்க முடியும் என்றும் அது சொல்கிறது.

அந்த எளிய முறைகளில் பாதி வேலை யார் கையில் இருக்கிறது? வார்டைத் துடைப்பவர், ரத்தம் தோய்ந்த பஞ்சை அள்ளுபவர், கழிப்பறையைக் கழுவுபவர் கையில்தான். தலைமுறை தலைமுறையாகத் தலித் மக்கள் மீது, குறிப்பாக அருந்ததியர் மீது சுமத்தப்பட்ட வேலை இது. இன்று அது ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயரில் தொடர்கிறது. நோயாளியைக் காப்பவர்களின் பட்டியலில் மட்டும் அவர் பெயர் வருவதில்லை.

தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைடிஸ் பி கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால், 100 பேரில் 30 பேர் வரை நோய் தொற்றலாம். எச்ஐவி என்றால் 1,000 பேரில் 3 பேருக்கு. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. மூன்று தவணை போட்டால் போதும்.

சட்டமும் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஊசிகளைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் தனியாகப் போட வேண்டும். கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, கையுறை உள்ளிட்ட பாதுகாப்புக் கருவிகள், ஆண்டுதோறும் பயிற்சி, உடல் பரிசோதனை ஆகியவற்றை நிர்வாகம் தர வேண்டும். ‘அனைவருக்கும்’ என்றால் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான்.

விதியை மீறினால் ஆபத்து மருத்துவமனைச் சுவரோடு நிற்காது. 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவுகள் பக்கத்து நெல்லை மாவட்டத்தின் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டதைப் பார்த்தோம். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே அவை திரும்ப அள்ளிச் செல்லப்பட்டன.

ஊசி குத்தினால் செய்ய வேண்டியவை இவை: காயத்தைப் பிதுக்கக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால், 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வேலை போய்விடுமோ என்று பயந்து மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்த வேலைக்குப் போகும் அம்மா, அக்கா, சித்தப்பா இருந்தால் இன்றே கேளுங்கள்: “தடுப்பூசி போட்டாச்சா? எத்தனை தவணை?” பதில் ‘இல்லை’ என்றால், அதைக் கேட்டு வாங்குவது சலுகை அல்ல, உரிமை.