சட்டத்தில் ஒரு துளை

1990களில் வன்னியில் மின்சாரமும் மின்கலமும் அரிதாயிருந்தபோது, துவிச்சக்கரவண்டியின் டைனமோவே விளக்கையும் வானொலியையும் இயக்கிற்று. அதன் கம்பி வெளியே தொங்கினால் எதிலேனும் சிக்கி அறும். குழாயினுள்ளே சென்றால் அறாது. இன்று மலைப்பாதை வண்டிகளில், இருக்கையை ஏற்றியிறக்கும் வடத்துக்கும் சிலர் இவ்வாறே துளையிடுகின்றனர்.

ஆயின், எங்கே துளைப்பது? சுமையேறிய குழாய் வளையும்போது ஒருபுறம் இழுபடும், எதிர்ப்புறம் அமுங்கும், இடைப்பட்ட பக்கவாட்டிலே தகைப்பு குறைவு. இழுபடும் தகட்டில் இட்ட வட்டத் துளையின் விளிம்பிலோ தகைப்பு ஏறத்தாழ 3 மடங்காகும். ஆதலால் பக்கவாட்டில், பொருத்துகளினின்று விலகி, சிறு வட்டமாகத் துளைக்க வேண்டும். விளிம்பை அரத்தால் மழுக்கி, துருவேறாது வண்ணம் பூசி, இறப்பர் வளையம் இடுதல் நன்று. காபன் இழைச் சட்டத்தைத் துளைத்தலாகாது.

நெல்மூட்டையோடு பரந்தன் வீதியிற் செல்பவரை, அச்சிறு துளையில் தொடங்கும் வெடிப்பே வீழ்த்திவிடக்கூடும்.