வெயிலில் கெட்ட தோலைத் தேற்ற முடியுமா?

பயிர் வாடினால் வயலுக்கு ஓடுகிறோம். மாடு தீனி எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரைத் தேடுகிறோம். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகள் வெயிலில் காய்ந்த நமது தோலை நாம் கவனிப்பதில்லை. கன்னத்தில் படரும் மங்கு, பிடரியில் தடித்த சுருக்கம், கீழுதட்டில் வெடிப்பு ஆகியவை வயதால் மட்டும் வருவன அல்ல. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் சிறிது சிறிதாகச் செய்த சேதம் இது. நமது தோலின் கருநிறம் இயற்கை தந்த குடை என்றாலும் முழுப் பாதுகாப்பு அல்ல. வெண்புள்ளி உள்ள இடங்களில் அந்தக் குடையும் இல்லை.

நிழலே முதல் மருந்து

கெட்டது கெட்டதுதான் என்று விட்டுவிட வேண்டாம். மேலும் வெயில் படாமல் காத்தால் தோல் ஓரளவு தானே தேறும். மங்கு மங்கப் பல மாதங்கள் ஆகும். ஆழ்ந்த சுருக்கம் முழுவதும் மறையாது.

காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை கதிர்கள் கடுமையாக இருக்கும். இயன்றவரை களையெடுப்பு, நடவு வேலைகளை இதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். தலைப்பாகை முகத்துக்கும் பிடரிக்கும் நிழல் தராது. விளிம்பு அகன்ற பனையோலைத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் நல்லது. தண்ணீர் நிற்கும் வயலில் கதிர்கள் கீழிருந்தும் ஓரளவு முகத்தில் படும். வசதியுள்ளவர்கள் எஸ்.பி.எஃப். 30 கொண்ட வெயில் தடுப்புக் களிம்பைத் தடவலாம். வியர்வையில் கரைந்துவிடுவதால் 2 மணிக்கு ஒரு முறை மீண்டும் தடவ வேண்டும். வறண்ட கை கால்களுக்குக் குளித்தவுடன் தேங்காய் எண்ணெய் போதும்.

செய்யக் கூடாதவை

கடையில் கேட்டு வாங்கும் சில 'சிவப்பழகு' களிம்புகளில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து இருக்கும். முதல் சில வாரங்கள் முகம் வெளுத்துப் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றைத் தொட வேண்டாம். எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் கண்டு, தோல் மேலும் கருக்கும்.

முகம், கழுத்து, முழங்கை மடிப்பில் அரிப்புடன் தோல் தடித்தால் பார்த்தீனியம் செடி காரணமாக இருக்கலாம். அதைக் களைவதும் வைத்தியமே.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

ஒரு மாதமாகியும் ஆறாத புண், கீழுதட்டில் சொரசொரப்பான வெண்திட்டு, பழைய தீக்காயத் தழும்பில் கிளம்பும் புண், இரத்தம் கசியும் அல்லது வளரும் மரு ஆகியவற்றை வலியில்லை என்று விட்டுவிடக் கூடாது. இவை புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். நம்மவர்க்கு இது அரிதுதான். அதனாலேயே தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம். புற்றாக மாறக்கூடிய சிறு திட்டுகளைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்து உதிர்த்துவிடலாம். மாட்டுச் சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளைப் பாதுகாக்கும் அதே நைட்ரஜன்தான் இது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.