பத்தாயிரம் அடி இறங்கிய ஊரில் ஆறடி லிப்டு
வீட்டு ஷெட்டில் கார் லிப்டு வைப்போர் கவனிக்க வேண்டியவை

"பத்தாயிரம் அடி ஆழத்துக்குப் போய் வந்த பரம்பரை நாங்கள். ஆறடி உயரம் போகிற லிப்டுக்கா பயப்படப் போகிறோம்?"

கோலார் தங்கவயலில் கார் லிப்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இப்படிக் கேட்கக்கூடியவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். கேட்பதில் நியாயமும் உண்டு. சாம்பியன் ரீப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போன சுரங்கம். ஒரே கயிற்றில் அவ்வளவு ஆழம் போக முடியாது. ஒரு கூண்டில் இறங்கி, உள்ளே நடந்து, அடுத்த கூண்டில் ஏறி, மறுபடியும் இறங்க வேண்டும். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை அந்தக் கூண்டில் போய் வந்தது.

ஆனால் அவர்கள் பயப்படாமல் போய் வந்தார்கள் என்பது பாதி உண்மைதான். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு முறையாகப் பயந்தார்கள். அதனால்தான் கூண்டு நாள்தோறும் ஆட்களோடு இறங்கி, ஆட்களோடு ஏறியது. கார் லிப்டு வாங்க நினைப்பவர் முதலில் அந்த முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜாக்கிக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமை

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயல் மக்களில் பலருக்குப் பெங்களூர்தான் பிழைப்பு. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் போய், இரவில் திரும்புகிறார்கள். அவர்களில் மோட்டார் பட்டறைத் தொழிலாளிகள் உண்டு. வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும் உண்டு.

சுரங்க லைன் வீட்டில் கார் நிறுத்தவே இடம் கிடையாது. ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ பெமல் நகர்ப் பக்கத்திலோ சொந்த மனை வாங்கியவர்கள், வீட்டோடு ஒரு ஷெட்டும் போட்டுக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காரை ஜாக்கியில் ஏற்றி, கோணியை விரித்து, மல்லாந்து படுத்து வேலை செய்கிறார்கள். முதுகு போகிறது. கண்ணில் மண் விழுகிறது. ஜாக்கி நழுவினால் உயிரே போகும்.

ஆகவே லிப்டு மேல் ஆசை வருவது தவறில்லை. ஜாக்கிக்கு அடியில் படுப்பதைவிட, ஒழுங்காகப் பொருத்திய லிப்டுக்கு அடியில் நிற்பது எவ்வளவோ மேல். 'ஒழுங்காகப் பொருத்திய' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

கூண்டு கற்றுக் கொடுத்தது

சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கியது கயிறு. ஆனால் ஆட்களின் உயிரைக் கயிறு ஒன்றை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை.

கூண்டு வாசலுக்கு வந்து நின்றதும், அதன் அடியில் இரும்புத் தாங்கிகள் வந்து முட்டுக் கொடுக்கும் ஏற்பாடு பல ஷாப்டுகளில் உண்டு. அதற்கு 'கெப்ஸ்' என்று பெயர். கூண்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் பாரம் கயிற்றில் இராது. ஓட்டுநர் தவறிக் கூண்டை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டால், கயிற்றைக் கழற்றிவிட்டுக் கூண்டைக் கோபுரத்திலேயே பிடித்து நிறுத்தும் கொக்கியும் சுரங்கத் தொழிலில் உண்டு.

சட்டமும் கண்டிப்பானது. கயிறு, கூண்டு, சங்கிலி ஆகியவற்றை 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் பார்த்தாக வேண்டும். பழுது பார்க்கவோ வேறு காரணத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் நின்றால், காலிக் கூண்டை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்த பிறகே ஆள் ஏறலாம். கூண்டோடு சேரும் கயிற்று முனையை 6 மாதத்துக்கு ஒருமுறை வெட்டிப் புதிதாகக் கட்ட வேண்டும். 'ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து' என்பது சின்னப் பையனுக்கும் தெரிந்த சங்கதி.

இவ்வளவும் எதற்காக? தூக்குவது ஒன்று, தாங்குவது வேறு ஒன்று என்பதற்காக. தூக்குகிற பொருள் கைவிட்டாலும் தாங்குகிற பொருள் கைவிடக் கூடாது.

அமெரிக்காவில் எலிஷா ஓடிஸ் என்பவர் 1854-ல் இதைத்தான் ஊரறியச் செய்து காட்டினார். நியூயார்க் கண்காட்சியில் ஒரு மேடைமேல் ஏறி நின்று, மேடை உயரப் போனதும் கயிற்றை வெட்டச் சொன்னார். கூடியிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். மேடை கொஞ்சம் இறங்கி, இருபுறமும் இருந்த பற்களில் மாட்டி நின்றுவிட்டது. மாடிக் கட்டிடங்களில் மனிதர்கள் நம்பி லிப்டில் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

எண்ணெய் தூக்கும், பூட்டு தாங்கும்

வீட்டு ஷெட்டுகளுக்கு வாங்கும் லிப்டுகளில் இரண்டு தூண் லிப்டும் நான்கு தூண் லிப்டும் முக்கியமானவை. பெரும்பாலானவற்றில் மோட்டார் பம்பு எண்ணெயை அழுத்தும். அந்த அழுத்தம் காரைத் தூக்கும். ஏறும்போது தூணுக்குள் 'டக், டக்' என்று சத்தம் கேட்கும். படிப்படியாகப் பூட்டு விழும் சத்தம் அது.

வேண்டிய உயரம் வந்ததும், காரைச் சற்றே இறக்கி அந்தப் பூட்டின்மேல் உட்கார வைக்க வேண்டும். எல்லாத் தூணிலும் ஒரே படியில் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் அடியில் போகலாம். எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் காருக்கு அடியில் போவது, கெப்ஸ் இல்லாமல் கயிற்றில் ஆடும் கூண்டில் ஏறுவதற்குச் சமம். ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தாலும், ஒரு குழாய் வெடித்தாலும் கார் இறங்கிவிடும்.

இரண்டு தூண் லிப்டு காரைக் கைகளில் ஏந்தும். சக்கரங்கள் நான்கும் சும்மா தொங்கும். பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்கு அதுவே வசதி. ஆனால் அது தரையில் போல்ட் போட்டு நிற்பது. கைகள் பாரத்தை ஏந்தும்போது தூண்கள் உள்பக்கம் சாயப் பார்க்கும். போல்ட்டுகள் தரையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும். நான்கு தூண் லிப்டில் கார் சக்கரத்தோடு ஏறி நிற்கும். பாரம் நான்கு மூலையிலும் நேராகக் கீழே இறங்கும். ஒரு காருக்கு மேல் இன்னொரு காரை நிறுத்த இது ஏற்றது. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் அதற்குத் தனி ஜாக்கி வேண்டும்.

தரை தாங்குமா?

லிப்டு வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது தரை. பல வீடுகளில் ஷெட்டுத் தரை என்பது ஜல்லியைக் கொட்டி, மேலே இரண்டு அங்குலம் சிமெண்டு பூசியது. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் சக்தி அதற்கு இல்லை.

இரண்டு தூண் லிப்டுக்கு நான்கு அங்குலத்துக்குக் குறையாத நல்ல கான்கிரீட் வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சிலர் ஆறு அங்குலம் கேட்கிறார்கள். வாங்கும் லிப்டின் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு. தரையில் ஒரு துளை போட்டுப் பார்த்தால் கனம் தெரிந்துவிடும். போதாவிட்டால் பழைய தரையை உடைத்து, கம்பி கட்டிப் புதிதாகப் போடுவதே வழி. பழைய தரைமேல் இன்னொரு பூச்சுப் பூசுவது பயன்படாது.

புதுக் கான்கிரீட்டுக்கு 28 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். தண்ணீர் விட்டு ஆற வைக்க வேண்டும். "ஒரு வாரத்தில் இறுகிவிட்டதே" என்று போல்ட் போடக் கூடாது. மணலிலும் கவனம் வேண்டும். ஊரைச் சுற்றிலும் சயனைடு மேடுகள் மலைபோல் நிற்கின்றன என்பதற்காக அந்தப் பொடியை மணலுக்குப் பதிலாகச் சேர்க்கக் கூடாது.

போல்ட்டுக்கான துளையில் தூள் இருக்கக் கூடாது. ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். விரிசலுக்கு அருகிலோ தரையின் ஓரத்திலோ துளை போடக் கூடாது. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து, தூண் செங்குத்தாக நின்ற பிறகே முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்குவது என்பதற்கும் அளவு உண்டு. அதற்குரிய ஸ்பானர் இல்லாதவர் இரவல் வாங்கியாவது கொண்டுவர வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயம். பாறை வெடித்து நிலம் குலுங்குவதும், வீட்டுச் சுவர் கீறல் விடுவதும் சுரங்க நாட்களில் தங்கவயல் கண்டது. பழைய சுரங்க வேலைகளுக்கு அருகில் மனை உள்ளவர்கள், தரையில் கைவைக்கும் முன் கட்டிடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவது நல்லது. வாடகை வீடு, கம்பெனி வீடு என்றால் உரியவர்களிடம் கேட்காமல் தரையைத் துளைக்கவே கூடாது.

கூரைக்கும் கணக்கு உண்டு

அம்பாசிடர் கார் ஏறக்குறைய ஐந்தே கால் அடி உயரம். அதன் அடியில் ஒருவர் நிமிர்ந்து நிற்க ஆறடி தூக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பதினொன்றே கால் அடி. கொஞ்சம் இடைவெளி விட்டால் 12 அடி ஆகிறது. சாதாரண வீட்டுக் கூரை பத்தடி. மாருதி 800 சுமார் நாலரை அடிதான். அதற்கும் பத்தரை அடிக்கு மேல் வேண்டும்.

தூணின் உயரத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். லிப்டு வந்து இறங்கிய பிறகு கூரையைப் பிரிப்பவர்களும் உண்டு. கூரை உயராத இடத்தில், உட்கார்ந்து வேலை செய்யும் அளவுக்குத் தூக்கும் குட்டை லிப்டு போதும். டயர், பிரேக் வேலைக்கு அது தாராளம்.

மின்சாரத்தில் அசட்டை வேண்டாம்

சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோ மீட்டர் கம்பி இழுத்து 1902-ல் காவிரி மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. மின்சாரத்தோடு பழகிய ஊரில் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் லிப்டு மோட்டாரை வீட்டு விளக்குக் கம்பியில் மாட்டுகிறவர்கள் உண்டு. தனிக் கம்பி, தனி சுவிட்சு, ஒழுங்கான எர்த்து, கசிவு கண்டால் துண்டிக்கும் சாதனம் ஆகிய நான்கும் வேண்டும். ஒற்றைப் பேஸா, மூன்று பேஸா என்பதை மோட்டார் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

பழைய இரும்பு ஆசை

தங்கவயலில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. வெல்டர், பிட்டர், டர்னர் என்று எல்லாத் தொழிலும் தெரிந்தவர்கள் உள்ள ஊர். பழைய கர்டரும் எஃகுக் கயிறும் கிடைத்தால் "நாமே செய்துவிடலாம், பாதிக் காசில் முடியும்" என்று தோன்றும்.

தோன்றினாலும் செய்யக் கூடாது. பழைய கயிற்றின் உள்ளே எத்தனை கம்பி அறுந்திருக்கிறது என்பது மேலே பார்த்தால் தெரியாது. சுரங்கத்தில் கயிற்று முனையை வெட்டி எறிந்ததும் அதனால்தான். வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும், உரிய சோதனை இல்லாமல் ஒரு டன் எடையை மனிதன் தலைக்கு மேல் வைக்கக் கூடாது. அந்தக் கைத்திறனைத் தரை போடுவதிலும், தூணை நிறுத்துவதிலும், வாராவாரம் பரிசோதிப்பதிலும் காட்டலாம். வெளியார் கார்களையும் ஏற்றி வேலை செய்வதாக இருந்தால் அது தொழில்; நகரசபையில் கேட்டு அனுமதி பெறுவது முறை.

தூக்கும்போது

கம்பெனி குறித்துக் கொடுத்த இடத்தில்தான் கைகளை முட்டுக் கொடுக்க வேண்டும். சக்கரம் தரையை விட்டு நாலு அங்குலம் ஏறியதும் நிறுத்தி, காரை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடியும் வைக்க வேண்டும்.

காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் அடியில் ஆள் ஆகாது. இரண்டு தூண் லிப்டில் இஞ்சினையோ கியர் பெட்டியையோ கழற்றினால் எடை ஒரு பக்கம் சாயும். மறுபக்கம் தாழ்ந்து கார் கவிழும். கழற்றும் முன்பே உயரமான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். வீட்டு ஷெட் என்பதால் குழந்தைகள் ஓடி வருவார்கள். சாவியை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

காலையில் ஒருமுறை காலியாக ஏற்றி இறக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். மாதத்துக்கு ஒருமுறை போல்ட், கயிறு, சங்கிலி, எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினால் இன்னும் நல்லது. சுரங்கத்திலும் அப்படித்தான் எழுதினார்கள்.

தங்கவயலின் கூண்டுகள் ஓடாமல் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் "மணி அடித்தாயா? தாங்கி விழுந்ததா? இன்று பார்த்தாயா?" என்று கேட்ட பெரியவர்கள் இன்னும் பல வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள். ஷெட்டில் லிப்டு வைக்கும் பிள்ளைகள், முதல் கார் ஏறும் நாளில் அவர்களில் ஒருவரை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கார் வேலை அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அடியில் போவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.